சஞ்சீவி வரவில்லை, தொட்டில் இறங்குகிறது!

போர்க்களத்திலே இலக்குவன் மூர்ச்சித்து வீழ்ந்தானாம். மருந்து தேடிப் பறந்த அனுமன், எது மூலிகை, எது வெறும்புல் என்று கண்டறிய இயலாமல், மலையையே பெயர்த்தெடுத்து வான்வழியே கொண்டுவந்து சேர்த்தானாம்! காலட்சேபக்காரர் கூறினார், கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர், கற்பூரம் காட்டினர், கலைந்தனர். அரசகுமாரன் ஒருவனுக்காக மலை நகர்ந்தது என்று மெய்சிலிர்த்த கூட்டத்திலே ஒருவருக்கேனும், "மலைமீது வாழ்பவன் நோயுற்றால் அவனுக்காக எது நகரும்?" என்று கேட்கத் தோன்றவில்லை.

நாம் கேட்கிறோம். விடை திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடர். 2007ஆம் ஆண்டிலே புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காடு. அதனுள்ளே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர், ஈசல்திட்டு என்று சிற்றூர்கள். புலையரும் முதுவரும் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்கள். அங்கே ஒரு பெண்ணுக்குப் பேறுவலி கண்டால், நீண்ட கழியிலே துணியைத் தொட்டிலாகக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஆடவர் தோள் மாற்றித் தோள் மாற்றித் திருமூர்த்திமலை அடிவாரம் நோக்கி இறங்குவர். கல் தடுக்கும், மழை வழுக்கும், யானை மறிக்கும். 108 ஊர்தி அடிவாரத்திலே காத்து நிற்கும். பிள்ளை பிறந்த பிறகு கட்டவேண்டிய தொட்டிலிலே தாயைக் கட்டித் தூக்கிவரும் இக்காட்சியை அண்மை ஆண்டுகளிலே செய்தியேடுகள் ஒருமுறையல்ல, பன்முறை தீட்டிவிட்டன. படித்தோம், "பாவம்" என்றோம், அடுத்த பக்கம் புரட்டினோம்.

அதே மாவட்டத்தின் வடபுலத்திலே இருப்பது பனியன் நகரம். இந்தியா அயல்நாடுகளுக்கு அனுப்பும் பின்னலாடையிலே பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது என்று பெருமை பேசுகிறோம். நியூயார்க்கிலே ஒருவன் அணியும் பனியனின் தையல் எத்தனை என்று எண்ணிச் சரிபார்க்க இங்கே ஆள் உண்டு. அந்தத் தையலைத் தைத்தவளின் குருதியிலே இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்க்க ஆள் உண்டா?

நூற்பாலையிலே பஞ்சுத் தூசி. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவருக்கு வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளிலே நெஞ்சு இறுகும். மருத்துவ நூல்கள் இதைத் 'திங்கட்கிழமை நோய்' என்றே குறிப்பிடுகின்றன. தொடக்கத்திலேயே கண்டுபிடித்துத் தூசியிலிருந்து ஆளை விலக்கினால் காப்பாற்றலாம். காலம் கடந்தால் நுரையீரல் மீளாது. விசைத்தறிக் கூடத்திலே பகலும் இரவும் ஓயாத இரைச்சல். செவி மெல்ல மெல்ல மந்தமாகும். பவர்டேபிளிலே விரலில் ஏறும் ஊசி. செக்கிங் மேசையிலே நின்று நின்று வீங்கும் கால். சாயப்பட்டறையிலே வெந்து உரியும் தோல். இவற்றில் எதுவும் மாபெரும் அறுவை மருத்துவரை வேண்டும் நோயன்று. அருகிலே இருந்து, அடிக்கடி பார்த்து, காலத்தில் கண்டுபிடிக்கும் பயின்ற கண் ஒன்று வேண்டும். அவ்வளவே!

அந்தக் கண் இல்லாத இடத்திலே யார் மருத்துவர்? 2019ஆம் ஆண்டிலே தாம்சன் ராய்ட்டர்ஸ் அறநிறுவனத்தின் செய்தியாளர்கள் வெளியிட்ட செய்தி ஒன்று தமிழகத்தின் தலையைக் குனிய வைத்தது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்கூடங்களிலே பணிபுரியும் ஏறத்தாழ நூறு பெண்களை அவர்கள் கண்டு பேசினர். மாதவிலக்கு வலியால் துடித்த பெண்களுக்கு, ஓய்வு தரவேண்டிய மேற்பார்வையாளர், பெயரும் இல்லாத, காலாவதி நாளும் தெரியாத மாத்திரைகளை எடுத்துத் தந்து, "விழுங்கிவிட்டு வேலையைப் பார்" என்று அனுப்பினர் என்பதே அச்செய்தி. மருத்துவம் பயிலாத மேற்பார்வையாளர் மருத்துவரானார். உற்பத்திக் கணக்கு மருந்துச்சீட்டு ஆயிற்று!

தோழர்களே! மருத்துவர் இல்லாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. மலையிலே அந்த இடத்தில் உடுக்கையடிப்பவன் அமர்கிறான். ஆலையிலே மேற்பார்வையாளன் அமர்கிறான். லைன்வீட்டுச் சந்திலே, யாரோ ஒருவரிடம் ஊசிபோடக் கற்றுக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டிய போலி அமர்கிறான். ஆகவே, 'மருத்துவரா, மருத்துவரல்லாதவரா' என்பதன்று இன்றைய கேள்வி. பயின்றவரா, பயிலாதவரா என்பதே கேள்வி.

இந்த இடத்திலேதான் மருத்துவ உதவியாளர் என்னும் பணியாளரை நாட்டின் முன் நிறுத்துகிறோம்.

யார் இந்த உதவியாளர்? அமெரிக்காவிலே டியூக் பல்கலைக்கழகத்தில், யூஜின் ஸ்டெட் என்னும் பேராசிரியர், 1965இல் இப்படிப்பைத் தொடங்கினார். கடற்படையிலே காயம்பட்டோரைக் காத்துப் பழகிய நால்வர் முதல் மாணவர்கள். மருத்துவரின் மேற்பார்வையிலே நோயாளியைக் கேட்டறிந்து, தேர்ந்து பார்த்து, வழக்கமான நோய்க்கு மருந்து தந்து, வழக்கத்துக்கு மாறானதை மருத்துவரிடம் அனுப்பும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இன்று அந்நாட்டிலே, மருத்துவர் போக விரும்பாத எத்தனையோ சிற்றூர்களில் இவர்களே மருத்துவமனையின் கதவைத் திறந்து வைப்பவர்கள்.

ரஷ்ய நாட்டிலே இவர்க்கு மூத்தவர் ஒருவர் உண்டு: பெல்ட்சர். பரந்த பனிவெளியிலே சிதறிய ஊர்களுக்கு நூற்றாண்டுக்கு மேலாக அவரே முதல் துணை. அந்தச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள்! ஜெர்மன் மொழியிலே, படையுடன் சென்ற நாவிதரைக் குறித்த சொல் அது. இங்கிலாந்திலும் அறுவை மருத்துவரும் நாவிதரும் ஒரே சங்கத்தில் இருந்தவர்களே, 1745இலேதான் பிரிந்தனர். நாவிதரின் கத்தி அங்கே படிப்படியாக ஏறி அறுவை மேதையின் கத்தியாயிற்று. இங்கே? முடி திருத்திய சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். கட்டியை அறுத்தவர் அவர். பேறு பார்த்த மருத்துவச்சி அவர் வீட்டுப் பெண். பிள்ளை வெளிவரும்வரை அவள் கை தெய்வக் கை; வெளிவந்தவுடன் அது தீட்டுக் கை! தொப்புள்கொடி அறுத்தவளைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய சாதி, அறிவு வளரவேண்டிய வழியையும் அங்கேயே அறுத்தது. கத்தி ஒன்றே, ஓரிடத்தில் கலையாயிற்று, மற்றோரிடத்தில் குலத்தொழிலாயிற்று. இழந்தது யார்? நாடு முழுவதும்!

"இஃது அயல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது" என்பார் உளர். அவர்க்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டுவோம். 1847இல் அங்கு வந்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மதம் பரப்பும் அமைப்பின் அலுவலராக வந்தவர். அந்நோக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால், மானிப்பாயிலே அவர் செய்த பணியை எந்தப் பகுத்தறிவாளனும் மறக்கலாகாது. உடற்கூறும், அறுவை மருத்துவமும், பேறுகால மருத்துவமும் கூறும் நூல்களைத் தமிழாக்கினார். 1860களிலே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் அவரிடம் பயின்று வெளிவந்தனர். "தமிழிலே அறிவியல் முடியுமா?" என்று இன்றும் மூக்கிலே விரல் வைப்போர், நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே முடிந்த காரியத்தை அறிவார்களாக!

இந்தியாவிலும் இப்படியொரு மருத்துவ அணி இருந்தது, நாமே கலைத்தோம். எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு முடித்து ஊர்தோறும் பணியாற்றியவர்களைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். வேலூரிலே ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, எல்.எம்.பி. தந்த பள்ளியே. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கையின்படி, அன்றைய இந்தியாவிலே பதிவுபெற்ற மருத்துவர் 47,524 பேர். அவர்களில் 29,870 பேர் இந்தக் குறும்படிப்பினர். பட்டதாரிகள் 17,654 பேர் மட்டுமே. 'ஒரே வகை மருத்துவர் போதும்' என்று முடிவு செய்து அப்படிப்பை மூடச்சொன்னது குழு. உறுப்பினர் அறுவர் மறுப்புக் குறிப்பு எழுதினர்; எடுபடவில்லை. அளவுகோல் உயர்ந்தது; நல்லதே! ஆனால், உயர்ந்த அளவுகோலைப் பிடித்த கை சிற்றூர்ப் பக்கம் நீளவில்லை. பட்டம் பெற்றவர் பட்டணம் நாடினர். பட்டிக்கு மிஞ்சியது வேப்பிலை.

சரி, இன்றைய நிலை என்ன? மருத்துவ உதவியாளர் படிப்பு இந்தியாவிலே முதலில் வேரூன்றியது எங்கே தெரியுமா? சென்னையிலே! 1992இல், மதராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில், இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் முயற்சியால். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதனைப் பட்டப்படிப்பாகவே நடத்துகிறது. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் இப்பிரிவினரைத் தன் பட்டியலிலே ஏற்றிருக்கிறது. படிப்பு உண்டு, பட்டம் உண்டு, பட்டியலிலே பெயர் உண்டு. படித்தவர் எங்கே? பெருநகரத்துப் பெருமருத்துவமனைகளிலே! சிறப்பு மருத்துவரின் பின்னே குறிப்பேடு ஏந்தி, அறுவைக்கூடத்திலே இரண்டாம் கையாகி, குறைந்த ஊதியத்துக்கு நிறைந்த பணி செய்கின்றனர். எந்த மலைக்காக, எந்தச் சேரிக்காக உலகம் இவர்களைக் கண்டுபிடித்ததோ, அந்த மலையும் சேரியும் இவர்கள் முகத்தைக் கண்டதில்லை. கிணறு தோண்டினோம், நீரை நகருக்குக் குழாய் போட்டு அனுப்பிவிட்டோம்!

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறோம். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவுக்கும் குருதிக் கொதிப்புக்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. 2024இல் தொழிலாளரைத் தேடியும் அத்திட்டம் நடைபோட்டது. திருப்பூருக்கென ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியிலே திறக்கப்பட்டது. போற்றுகிறோம். ஆனால், மருந்துப் பையைச் சுமந்து தெருத்தெருவாய் நடக்கும் பெண்ணுக்கு நாடு தந்திருக்கும் பெயர் என்ன? தன்னார்வலர்! வேலை உண்மையானது, நோயாளி உண்மையானவர், ஆனால் அவள் மட்டும் ஊழியரல்லள், ஆர்வலர்! கோவிலில் மணியடிக்கும் மாமாவுக்குப் பதவிப்பெயர் உண்டு. குருதிக் கொதிப்பு அளக்கும் பெண்ணுக்கு இல்லையா?

இனி, எதிர்ப்புரைகளைக் காண்போம். வலுவான எதிர்ப்புரைகளையே எடுத்துக்கொள்வோம்.

"பணக்காரனுக்கு முழு மருத்துவர், ஏழைக்கு அரை மருத்துவரா?" என்பது முதற்கேள்வி. இதைக் கேட்பவரிலே இருவகையினர். ஒருவர், ஏழைக்காக உள்ளபடியே வருந்துபவர். அவருக்கு நம் வணக்கம். முழு மருத்துவர் வரும்வரை மலைப்பெண்ணின் பேறுவலி காத்திருக்குமா என்று மட்டும் கேட்கிறோம். பேற்றுக்குப் பின் பெருகும் குருதி ஓரிரு மணி நேரத்திலே உயிரைக் குடித்துவிடும். அதை அடக்க முதலில் தேவை ஒரு மலிவான ஊசி. அதைப் போடத் தெரிந்த கை. பாம்பு தீண்டியவனுக்கு முறிமருந்து தொடங்கவும், ஒவ்வாமை தோன்றினால் அதைத் தணிக்கவும், வழியெல்லாம் மூச்சைக் கவனித்துக்கொண்டு உடன் வரவும் ஒருவர் இருந்தால், தொட்டில் இறங்கும் அத்தனை நாழிகையும் மருத்துவம் நடக்கும் நாழிகை ஆகும். இன்றோ அது வெறுங்காத்திருப்பு. மற்றவகையினர், தாமும் போகமாட்டார், பிறரையும் போகவிடமாட்டார். வைக்கோற்போர் மீது படுத்த நாயின் கதையை அவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

சத்தீஸ்கர் மாநிலம் 2001இல் மூன்றாண்டு மருத்துவப் படிப்பொன்றைத் தொடங்கியது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சில ஆண்டுகளில் படிப்பே மூடப்பட்டது. ஆயினும், படித்து முடித்தவர்கள் காட்டுப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலே உதவியாளராக அமர்த்தப்பட்டனர். 2010இல் வெளிவந்த ஆய்வு அவர்களை எம்.பி.பி.எஸ். மருத்துவரோடு ஒப்பிட்டது. முதல்நிலை மருத்துவத்திலே, வழக்கமான நோய்களைக் கையாளும் திறத்திலே, இவர்கள் அவர்க்குக் குறைந்தவரல்லர் என்பது கண்ட முடிவு. அசாமிலும் இத்தகைய படிப்பு 2005இலே தோன்றியது. மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது என்று கூறி, 2014இல் உயர்நீதிமன்றமும் 2023இல் உச்சநீதிமன்றமும் அச்சட்டத்தை வீழ்த்தின. தம் மக்களுக்கு எத்தகைய மருத்துவப் பணியாளர் வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமைகூட மாநிலத்துக்கு இல்லை! மலை இங்கே; மகப்பேறு இங்கே; ஆணை மட்டும் டில்லியிலே!

"இங்கிலாந்தைப் பாருங்கள், அங்கேயே இவர்களுக்கு எதிர்ப்பு!" என்பது இரண்டாம் கேள்வி. பார்த்தோம். அங்கே இவர்களை மருத்துவர் என்றே நோயாளிகள் மயங்கியதாகப் புகார் எழுந்தது. 2025 ஜூலையிலே லெங் அம்மையாரின் அறிக்கை வந்தது. 'உதவியாளர்' என்ற பெயர் தெளிவாக இருக்கவேண்டும், இன்னதென்று இன்னும் கண்டறியப்படாத நோயாளியை இவர்கள் முதலில் பார்க்கலாகாது, விதிவிலக்கு வரையறுக்கப்படவேண்டும் என்றது. படிப்பை ஒழித்துவிடச் சொல்லவில்லை. எல்லை வகுக்கச் சொன்னது. அந்த எல்லையை நாமும் வரவேற்கிறோம். ஆனால், கூப்பிடு தூரத்திலே மருத்துவர் இருக்கும் நாட்டின் எல்லையும், கூப்பிட்டால் எதிரொலி மட்டுமே வரும் மலையின் எல்லையும் ஒன்றாக இருக்கமுடியாது. இங்கே அவர் கையிலே நோய்க்குறிக்கு ஏற்ற எழுதப்பட்ட நெறிமுறை வேண்டும். மறுமுனையிலே தொலைபேசியில் பதில்சொல்லக் கடமைப்பட்ட மருத்துவர் ஒருவர், பெயர் குறித்து, நாள் குறித்து, இருக்கவேண்டும். இந்த ஏற்பாடின்றி ஆளை அனுப்பினால், அது உதவியாளரை அமர்த்துவது ஆகாது. பலி கொடுப்பது ஆகும். நோயாளியையும் சேர்த்து!

மூன்றாவது ஐயம் நம்முடையது, ஆட்சியாளரை நோக்கியது. உதவியாளர் வந்துவிட்டார் என்று காட்டி, மருத்துவர் பணியிடத்தைச் சத்தமின்றி ஒழித்துவிடும் கெட்டிக்காரத்தனத்துக்கு இடமுண்டு. செவிலியரின் ஊதியத்தை அமுக்க இவரைக் கருவியாக்கவும் இடமுண்டு. ஆகவே வெறும் ஆதரவு தரமாட்டோம், நிபந்தனையோடு தருவோம். மருத்துவர் பணியிடம் ஒன்றும் குறையலாகாது. உதவியாளர் நிலையான ஊழியராக, நிலையான ஊதியத்தோடு அமர்த்தப்படவேண்டும். சில ஆண்டு மலையிலே பணியாற்றியவருக்கு மேற்படிப்புக்கு வழி திறக்கவேண்டும். என்றும் உதவியாளராகவே வைத்திருந்தால், அது பட்டத்தின் பெயரால் வரும் இன்னொரு வருணாசிரமம்! எல்லாவற்றுக்கும் மேலாக, குழிப்பட்டியின் பெண்ணையே, மாவடப்பின் இளைஞனையே தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கவேண்டும். புலையர் மகள் கையிலே இதயமானி ஏறும் நாளே, மருத்துவச்சியைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய நாட்டின் கழுவாய் நாள்.

"காட்டிலே கட்டடம் எழுப்பச் சட்டம் இடந்தராதே" என்று கைவிரிப்பார் அலுவலர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவைப் புரட்டட்டும். மருந்தகத்துக்கும், பள்ளிக்கும், சாலைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டுநிலத்தை, கிராமசபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம் என்று அது கூறுகிறது. சட்டம் இடம் தருகிறது. மனந்தான் இடம் தரவேண்டும்.

பனியன் நகரத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, ஐந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையிலே மருத்துவ அறை வேண்டும் என்று வகுத்தது. ஆனால் திருப்பூர்த் தொழில் ஒரு கூரையின்கீழ் நடப்பதன்று. பின்னுவது ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டுவது ஓரிடம், தைப்பது ஜாப்வொர்க் கூடம். பத்துப் பேர்கூட இல்லாத கூடத்துக்கு ஈ.எஸ்.ஐ.யும் எட்டாது. ஆடை ஒன்றுதான், அதன் தொழிலாளி மட்டும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு சட்டத்தின் ஓட்டையிலும் ஒருவராக விழுகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவரோ, நோயைச் சொல்ல மொழியுமின்றித் தவிக்கிறார். தனித்தனியே இயலாதது கூடினால் இயலும். ஒரு தெருவின் கூடங்கள் எல்லாம் சேர்ந்து, ஏற்றுமதியாளர் பங்கும் சேர்த்து, தெருவுக்கொரு மருத்துவ அறை, அறைக்கொரு பயின்ற உதவியாளர் என்று அமைத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? அயல்நாட்டு வாங்குநர் ஆய்வுக்கு வரும் நாளிலே சுவருக்குப் பூசும் வெள்ளைக்குச் செலவிடும் மனம், இதற்கு வராதா? பெயரில்லா மாத்திரையை எடுத்துத்தந்த கையை அகற்றவேண்டுமானால், அந்த இடத்திலே பெயரும் பொறுப்பும் உள்ள கை வந்தாகவேண்டும்.

இளைஞர்களே! படிப்பகத்திலே அமர்ந்து 'பேயில்லை, பில்லியில்லை' என்று பேசுகிறோம், உண்மைதான். ஆனால், மந்திரிப்பவனிடம் போகாதே என்று மலைப்பெண்ணிடம் கூறும்போது, "வேறு யாரிடம் போவது?" என்று அவள் கேட்டால், விடை நம்மிடம் இருக்கவேண்டாமா? மருந்தில்லாத ஊரிலே பகுத்தறிவு வெறும் பேச்சாகிவிடும். ஆகவே, அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். மருந்தகத்துக்குத் தீர்மானம் கொண்டுவருவோம். மருத்துவ உதவியாளர் படிப்பு முடித்த தோழர்களைக் கண்டு, மலையின் தேவையை எடுத்துரைப்போம். ஜாப்வொர்க் கூடங்களின் வாயிலிலே நின்று, கைமடிப் பெண்ணுக்கும் கட்டிங் தோழருக்கும் அவர்தம் உரிமையை எடுத்துக்கூறுவோம்.

மலையைத் தூக்கிவர நமக்கு அனுமன் வேண்டாம். மலையேறிச் செல்லப் பயின்ற மனிதர் ஒருவர் வேண்டும்; அவர் முதுகிலே ஒரு மருந்துப்பை வேண்டும்; அவர் பின்னே ஓர் அரசு நிற்கவேண்டும். அந்த அரசை நிற்கவைப்பது நம் வேலை!